பெரிய டூபாவை மடியில் வைப்பதற்கு முன்

சோழவந்தான் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நாயனக்காரர் வீட்டுப் பிள்ளை, அப்பாவிடம் ஏழெட்டு வருடம் நாயனம் படித்தவர். இப்போது கல்யாண பேண்டு செட்டில் யூஃபோனியம் வாசிக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சர்ச்சில் பாடகர் குழுவோடு உட்கார்ந்து வாசிக்கவும் கூப்பிடுகிறார்களாம். பேண்டில் கீழ்ச்சுரம் தரும் பெரிய பித்தளைக் கருவியான டூபா, பழையது ஒன்று, அவருக்கு விலைக்கு வந்திருக்கிறது. பி ஃபிளாட் சுருதி (நம் கணக்கில் ஆறரைக் கட்டை), நான்கு வால்வு, விற்பவர் சொல்படி 6/4 அளவு. “நான் ஐந்தடி நான்கு அங்குலம். இவ்வளவு பெரியதை வைத்து வாசிக்க உடம்பு ஒத்துழைக்குமா? சின்ன டூபாவைவிட நாதம் உண்மையிலேயே வேறா, இல்லை சத்தம் மட்டும்தான் கூடவா? ஊர்வலத்துக்கும் சர்ச்சுக்கும் இது ஒன்றே போதுமா?” என்பது கேள்வி.

தம்பி, நான் 28 வருடம் பேண்டில் பேஸ் வாசித்தவன். டூபா என்று நாங்கள் யாரும் சொன்னதில்லை, “பேஸ்” அவ்வளவுதான். பெரியதும் வாசித்திருக்கிறேன், சின்னதும் வாசித்திருக்கிறேன், தோளில் மாட்டும் சூசாஃபோனோடு மதுரை மாசி வீதிகளில் பல கல்யாண ஊர்வலம் நடந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் அந்த 6/4 கணக்கு. அது அங்குலமும் இல்லை, லிட்டரும் இல்லை. 3/4, 4/4, 5/4, 6/4 என்பதெல்லாம் ரெடிமேட் சட்டை அளவு மாதிரி. ஒரு கம்பெனியின் 5/4 இன்னொரு கம்பெனியின் 6/4-ஐவிடப் பருமனாக இருக்கும். விற்பவர் வாயால் சொல்லும் எண்ணை நம்பாமல் நேரில் பாருங்கள். மேல்வாய் விட்டம் 19, 20 அங்குலம், உயரம் கிட்டத்தட்ட 1 மீட்டர், அடி வளைவு ஒரு ஆள் தொடைக்கு மேல் பருமன், எடை 10 கிலோவுக்கு மேல். இவையெல்லாம் சேர்ந்திருந்தால் அது பெரிய ஜாதிதான்.

நாயனக்காரர் வீட்டுப் பிள்ளை என்பதால் உங்களுக்கு ஒரு தப்பான எண்ணம் வர வாய்ப்பு உண்டு. நாயனத்தில் திமிரி என்ற வகைக்கும் பாரி என்ற வகைக்கும் உள்ள வித்தியாசம் போல இதையும் நினைத்துவிடுவீர்கள். அது வேறு கதை. திமிரியைவிடப் பாரி நீளம், அதனால் சுருதி இறங்குகிறது. டூபாவில் சின்னது பெரியது என்பதற்கும் நீளத்துக்கும் சம்பந்தமே இல்லை. பி ஃபிளாட் டூபா என்றால் எந்த அளவானாலும் சுமார் 18 அடிக் குழாய். சி டூபா 16 அடி, ஈ ஃபிளாட் 13, எஃப் 12, உங்கள் யூஃபோனியம் 9. பெரிய டூபாவில் அதே 18 அடிக் குழாய் சீக்கிரமே அகல ஆரம்பித்துவிடுகிறது. தோட்டத்துக் கிணறு இரண்டை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே ஆழம். ஒன்றில் எட்டிப் பார்த்தால் உங்கள் முகம் தெரியும், இன்னொன்றில் பாதி வானம் தெரியும். அந்த அகலம்தான் விஷயம்.

சரி, அகலம் நாதத்துக்கு என்ன செய்கிறது? ஒரு சுரத்தை ஊதும்போது அடிச்சுரத்தோடு அதன் மேல்சுரங்களும் சேர்ந்து ஒலிக்கின்றன. ஒல்லிக் குழாயில் மேல்சுரங்கள் தூக்கலாக இருக்கும். டிரம்பெட்டின் கூர்மை அங்கிருந்து வருகிறது. குழாய் சீராகவும் வேகமாகவும் அகலும்போது மேல்சுரங்கள் தணிந்து அடி ஓங்குகிறது. ஆகவே பெரிய டூபா அதிகம் சத்தம் போடும் கருவி என்று சொல்வது சரியில்லை. பலமாக ஊதினாலும் கத்தாத கருவி அது. சின்ன டூபாவை ஓங்கி ஊதினால் ஒரு கட்டத்தில் தகரம் அதிர்வது மாதிரி ஓரம் கிழியும். பெரியது அந்த இடத்தைத் தாண்டியும் உருண்டையாகவே நிற்கும். பாடகர் குழுவுக்குக் கீழே அது ஒலிக்கும்போது தனியாக ஒரு வாத்தியம் வாசிப்பதாகத் தோன்றாது. எல்லார் குரலும் கொஞ்சம் கனத்த மாதிரிதான் இருக்கும். நிறுத்தினால்தான் இவ்வளவு நேரம் ஒன்று இருந்தது என்பதே தெரியும். எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும். பேஸ்காரனுக்கு யாரும் கைதட்டுவதில்லை என்று வருத்தப்படுகிறவர்கள் டிரம்பெட் பக்கம் போய்விடலாம்.

இதில் ஒரு ஏமாற்றமும் உண்டு. ஊதுகிறவன் காதுக்கு அந்த நாதம் மங்கலாகத்தான் வரும். கருவியின் வாய் மேலே பார்த்திருக்கிறது, ஒலி உங்கள் தலைக்கு மேல் போய் விரிகிறது. முதல் நாள் பெரிய டூபா ஊதியவர்கள் பலரும் “ஒன்றும் கேட்கவில்லையே” என்று இன்னும் தம் கட்டி ஊதுவார்கள். இருபதடி தள்ளி நிற்பவருக்கு அதற்குள் நெஞ்சு அதிர்ந்துகொண்டிருக்கும். அதனால் கருவியைப் பார்க்கப் போகும்போது ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவரை ஊதச் சொல்லிவிட்டு நீங்கள் அறையின் மறுகோடியில் நின்று கேளுங்கள்.

செல்போனில் பதிவு செய்து கேட்டு முடிவு செய்யவே கூடாது. நீங்கள் அடிக்கடி வாசிக்கப்போகும் கீழ் பி ஃபிளாட் 58 ஹெர்ட்ஸ். அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே இருப்பது 29 ஹெர்ட்ஸ். செல்போன் ஸ்பீக்கர் அந்தக் கீழ்ப்பகுதியை அநேகமாகத் தராது. அப்படியும் நீங்கள் சுரத்தை அடையாளம் காண்பது எப்படி என்றால், மேல்சுரங்களை வைத்து அடிச்சுரத்தைக் காது தானே கணக்குப் போட்டுச் சேர்த்துக்கொள்கிறது. மேல்சுரம் தூக்கலாக உள்ள சின்ன டூபா போனில் நன்றாகத் தெரியும். அடி ஓங்கிய பெரிய டூபா போனில் இளைத்துப் போயிருக்கும். நேரில் கேட்டால் நிலைமை தலைகீழ்.

இனி உடம்பு. எல்லாரும் எடையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். உட்கார்ந்து வாசிக்கையில் எடை பெரிய பிரச்சினையே இல்லை, அது நாற்காலி தாங்குகிற பாரம். மவுத்பீஸ் எங்கே வந்து நிற்கிறது என்பதுதான் கேள்வி. நிமிர்ந்து உட்காருங்கள், கண்ணை மூடுங்கள், கருவியை இன்னொருவர் கொண்டுவந்து வைக்கட்டும். மவுத்பீஸ் உங்கள் உதட்டைத் தேடி வரவேண்டும். நீங்கள் கழுத்தை நீட்டியோ குனிந்தோ அதைத் தேடிப் போனால், பத்து நிமிடம் ஒன்றும் தெரியாது, இரண்டு மணி நேரக் கச்சேரி முடிந்ததும் பிடரி சொல்லும்.

ஐந்தடி நான்கு அங்குலம் ஆளுக்குப் பெரிய டூபா பெரும்பாலும் மூக்குக்கு நேராக வரும். தொடைமேல் வைத்தால் இன்னும் ஏறும். அப்போது அதைத் தொடைமேல் வைக்காமல், கால்களை விரித்து, நாற்காலியின் முன்விளிம்பில் அடி வளைவை இறக்கி வையுங்கள். அப்படியும் உயரமாக இருந்தால் நாற்காலிக்கு முன்னால் தரையில் ஒரு குட்டை முக்காலி போட்டு அதன்மேல் நிறுத்தலாம். முக்காலி எவ்வளவு குட்டையோ அவ்வளவு கீழே வரும். எனக்குத் தெப்பக்குளம் பக்கத்து ஆசாரி ஒருவர் வேப்பமரத்தில் செய்து கொடுத்தார். நடுவில் பள்ளம் எடுத்து, அதில் பழைய ஜமுக்காளத் துண்டை ஒட்டி, இருபது வருடமாக அதுதான். மவுத்பீஸ் தாழ்வாக வரும் நெட்டை ஆட்களுக்கு வேலை சுலபம், துண்டை மடித்து அடியில் வைத்தால் போதும்.

நம் ஊர் மண்டபங்களில் இன்னொரு எதிரி உண்டு: கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலி. டூபா அந்தக் கைப்பிடிகளுக்கு நடுவில் போகாது. உட்காரும் இடமோ பின்பக்கம் சரிந்திருக்கும், முதுகு தானாகக் கூனும். போனதும் சமையல்கட்டுப் பக்கம் போய்க் கைப்பிடி இல்லாத இரும்பு நாற்காலி ஒன்று வாங்கிவிடுங்கள். சமையல்காரர்கள் உட்காருவது எப்போதும் நல்ல நாற்காலியாகத்தான் இருக்கும். அப்புறம், வேட்டி கட்டி உட்காருவதாக இருந்தால் அடி வளைவு வேட்டியைக் கவ்விக்கொள்ளாமல் பாருங்கள். எழுந்திருக்கும்போது மானம் போன கதை எங்கள் செட்டிலேயே ஒன்று உண்டு. அது நான் இல்லை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

அடுத்தது கை. வலது கை வால்வுகளுக்குப் போகும்போது முழங்கை விலாவை ஒட்டாமலும் தோள் தூக்காமலும் இருக்கவேண்டும். பருமனான கருவியில் கை உடம்பைச் சுற்றிப் போகவேண்டியிருப்பதால் தோள்பட்டை மெதுவாக ஏறிக்கொள்ளும், உங்களுக்கே தெரியாது. கண்ணாடி முன் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். இடது கை முதல் வால்வின் ஸ்லைடுக்கு (இழுத்து நீட்டும் குழாய்த் துண்டு) எட்டுகிறதா என்பதையும் பாருங்கள். நல்ல பேஸ்காரர்கள் அதை வாசிக்கும்போதே இழுத்தும் தள்ளியும் சுருதி சேர்ப்பார்கள். எட்டவில்லை என்றால் அந்த வசதி போச்சு.

கருவி உடம்புக்குப் பொருந்துவது எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பெரிய டூபாக்களிலேயே பெயர்பெற்ற ஒன்றின் கதை இருக்கிறது. 1930களின் தொடக்கத்தில், அமெரிக்காவில் கிராண்ட் ராபிட்ஸ் ஊரிலிருந்த யார்க் கம்பெனி, ஸ்டோகோவ்ஸ்கி நடத்திய ஃபிலடெல்ஃபியா இசைக்குழுவுக்காக மிகப் பெரிய சி டூபா செய்தது. அந்தக் குழுவின் டூபாக்காரர் டொனடெல்லி. அவர் உடல்வாகுக்கு அது ஒத்துவரவில்லை. அவரிடம் படித்துக்கொண்டிருந்த ஆர்னால்ட் ஜேகப்ஸ் என்ற பையனுக்கு விற்றுவிட்டார். பையனுக்கு அது பொருந்தியது. ஜேகப்ஸ் 1944-லிருந்து 1988 வரை சிகாகோ சிம்ஃபொனியில் வாசித்தார். பெரிய டூபா என்றால் இப்படித்தான் ஒலிக்கவேண்டும் என்ற எண்ணமே அவர் வாசிப்பில்தான் நிலைபெற்றது. பிற்பாடு ஹிர்ஷ்ப்ரூனர், யமஹா உள்பட பல கம்பெனிகள் அதைப் பார்த்தே தங்கள் பெரிய டூபாக்களைச் செய்தன. இன்றைக்கு விற்கும் பெரிய சி டூபாக்களில் பாதி அதன் வாரிசுகள் என்றே சொல்லலாம். அப்பேர்ப்பட்ட கருவியே முதல் சொந்தக்காரர் மடியில் உட்காரவில்லை.

ஜேகப்ஸைச் சொன்னதும் மூச்சுக்கு வந்துவிட்டோம். உங்களுக்கு உண்மையான கஷ்டம் இங்கேதான் இருக்கிறது. உயரத்தைக்கூட முக்காலி வைத்துச் சமாளித்துவிடலாம்.

நாயனத்தில் சீவாளி சின்னது, வழி குறுகல். காற்று கொஞ்சமாகத்தான் போகும், ஆனால் அழுத்தம் பலமாக வேண்டும். கழுத்து நரம்பு புடைக்கும், கன்னம் உப்பும். உங்கள் அப்பா ஒரு கார்வையைப் பிடித்து நிறுத்தும்போது கடைசியில் என்ன நடக்கும் என்று கவனித்திருப்பீர்கள். மூச்சு தீர்ந்து நிறுத்துவது குறைவு. உள்ளே பழைய காற்று தேங்கிப்போய், அதை வெளியே விட்டுப் புதுக் காற்று வாங்கத்தான் நிறுத்தவேண்டியிருக்கும். டூபா இதற்கு நேர் எதிர். மவுத்பீஸ் கிண்ணமே 32, 33 மில்லிமீட்டர் அகலம், உள்குழாயே முக்கால் அங்குலம். அழுத்தம் என்று ஏதும் கேட்காது. காற்றைக் கேட்கும், கொட்டிக் கொட்டிக் கேட்கும். கீழ் ஸ்தாயியில் பலமாக ஊதினால் நெஞ்சு நிறைய எடுத்த மூச்சு மூன்று நான்கு விநாடியில் காலி. கூடுதல் காற்று, குறைந்த அழுத்தம் டூபாவில். குறைந்த காற்று, கூடுதல் அழுத்தம் உச்சஸ்தாயிக் கருவிகளில். இந்தத் தராசை ஜேகப்ஸ் கருவிகள் வைத்தே அளந்து பார்த்து மாணவர்களுக்குக் காட்டியவர். அவருக்கே பிற்காலத்தில் ஆஸ்துமா. முழு மூச்சுக் கொள்ளளவு இல்லாமலேதான் அந்தப் பெரிய கருவியை வாசித்தார்.

ஆகவே நாயனத்தில் நீங்கள் பெருமையாக வளர்த்த “தம்” இங்கே குறுக்கே நிற்கும். அடிவயிற்றை இறுக்கி, தொண்டையை நெருக்கி ஊதினால் பெரிய டூபா ஒரு முனகல் மட்டும் தரும். தொண்டையைக் கொட்டாவி விடுவதுபோலத் திறங்கள். குளிர் நாளில் கண்ணாடிமேல் ஊதி ஆவி படிய வைப்போமே, அந்தச் சூடான, அகலமான காற்று. அதை நிறைய, நிதானமாக. உதடு தளர்வாக. யூஃபோனியம் வாசிப்பதால் பாதித் தூரம் ஏற்கெனவே வந்திருப்பீர்கள். மீதியும் வரும், மூன்று நான்கு மாதம் ஆகும்.

மூச்சை அடிக்கடி எடுக்க வெட்கப்படவே கூடாது. நீண்ட சுரம் இருந்தால் நடுவில் எடுங்கள், ஆனால் எடுக்கும் இடத்தை முன்பே பென்சிலால் குறித்து வையுங்கள். இரண்டு பேஸ் இருந்தால் இன்னும் சுகம். ஒருவர் எடுக்கும்போது மற்றவர் பிடித்துக்கொள்வார். பழைய காலத்தில் ஒத்து ஊதுகிறவர் கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூக்கால் இழுத்து, அறுபடாமல் சுருதி கொடுப்பாரே, அந்த வித்தையைப் பெரிய டூபாவில் செய்பவர்களும் உண்டு. ஆனால் கன்னத்தில் தேங்கும் காற்று இந்தப் பூதத்துக்கு ஒரு வாய் தண்ணீர் மாதிரி. அந்த ஆசையை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்.

முதல் வாரங்களில் தலை சுற்றும். காற்று வேகவேகமாக வெளியே போவதால் உடம்பில் கரியமில வாயு குறைந்து வருகிற கிறுகிறுப்பு அது. நிறுத்துங்கள், இரண்டு நிமிடம் சாதாரணமாக மூச்சு விடுங்கள், சரியாகிவிடும். வீட்டில் பெரியவர்கள் “குடல் இறங்கிவிடும்” என்று பயமுறுத்துவார்கள். மேலே சொன்னபடி அழுத்தாமல் ஊதினால் ஊதுவதில் அவ்வளவு பாரம் இல்லை. மாடிப்படியில் அதைப் பெட்டியோடு ஒரே ஆளாகத் தூக்குவதில்தான் இருக்கிறது. ஏற்கெனவே குடலிறக்கமோ முதுகு வலியோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

உங்கள் நாயனக் காதுக்கு ஒரு சந்தோஷமும் இருக்கிறது. எந்த வால்வையும் அழுத்தாமல் உதட்டை மட்டும் மாற்றி ஊதிப் பாருங்கள். ஆறரைக் கட்டை ஷட்ஜம், பஞ்சமம், மேல் ஷட்ஜம், அதற்கு மேல் அந்தர காந்தாரம், மறுபடி பஞ்சமம் என்று வரும். அந்தக் காந்தாரம் கீபோர்டின் காந்தாரத்தைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கும். டியூனர் “குறைவு” என்று காட்டும். சுருதிப் பெட்டியோடு வைத்துக் கேட்டால் அதுதான் சுத்தமாகச் சேரும். பாடகர் குழுவோடு தனியாக இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள், கூடவே கீபோர்டு இருந்தால் தூக்கிக்கொடுங்கள். பெரிய டூபாவில் ஒவ்வொரு சுரமும் கொஞ்சம் அகலமான இடத்தில் உட்காரும். அதனால் இப்படி நெளிப்பது எளிது. அதே காரணத்தால் காது சரியில்லாதவர் கையில் பெரிய டூபா ஊரைச் சுற்றும். கமகம் எல்லாம் இதில் எதிர்பார்க்காதீர்கள். பாதி வால்வு அழுத்திச் சறுக்கலாம், அது கமகம் ஆகாது.

நான்காம் வால்வு இருக்கிறது என்பது நல்ல செய்தி. ஒன்றும் மூன்றும் சேர்த்து அழுத்தும் சுரம் எப்போதும் சுருதி ஏறி நிற்கும். அதற்குப் பதில் நான்காம் வால்வைத் தனியாக அழுத்தினால் சரியாக வரும்.

இப்போது மூன்றாவது கேள்வி. ஊர்வலத்துக்கும் சர்ச்சுக்கும் ஒன்றே போதுமா? போதாது.

நாயனம் வீதிக்குப் பிறந்த வாத்தியம். ஆடி வீதியில் ஒரு மூலையில் வாசித்தால் அடுத்த மூலை திரும்பும்வரை கேட்கும். அந்தக் கூர்மை எதிர்ச்சுவர் எதையும் நம்பியில்லை. வாய் மேலே பார்த்த பெரிய டூபாவுக்குக் கூரை வேண்டும், சுவர் வேண்டும். அதன் ஒலி ஏறி, முட்டி, இறங்கி, கலந்து வரும்போதுதான் அந்தக் கனம் கிடைக்கிறது. மாப்பிள்ளை அழைப்பில் கீழமாசி வீதியில் அதைக் கட்டிக்கொண்டு ஊதினால் பாதி ஒலி வானத்துக்குப் போகும். மொட்டை மாடியில் நிற்பவர்கள் ரசிப்பார்கள். ஜெனரேட்டர் வண்டியும் டிரம்மும் மீதியைத் தின்றுவிடும். தோளில் வாரைப் போட்டு 12 கிலோவைச் சுமந்து ஒரு மணி நேரம் நடப்பதும் ஆகிற காரியம் இல்லை.

அதற்குத்தான் சூசாஃபோன். அமெரிக்க பேண்டு மாஸ்டர் ஜான் ஃபிலிப் சூசாவின் யோசனைப்படி 1893-ல் ஜே. டபிள்யூ. பெப்பர் கம்பெனி முதலில் செய்தது. வேடிக்கை என்னவென்றால் சூசா கேட்டது முன்னால் பார்க்கும் வாய் அல்ல. ஒலி குழுவின் தலைக்குமேல் பரவவேண்டும் என்று மேல்நோக்கித்தான் கேட்டார். அதனால் அந்தப் பழைய கருவிகளுக்கு “மழை பிடிப்பான்” என்று கிண்டல் பெயர். வாய் முன்னால் திரும்பியது பிற்பாடு. பித்தளைச் சூசாஃபோனும் கனம்தான், ஆனால் பாரம் தோளில் சுற்றி உட்காருகிறது. ஃபைபரில் செய்தது இன்னும் இலகு. ஃபைபரின் நாதம் கொஞ்சம் தட்டையாக இருக்கும் என்று குறை சொல்வேன், ஆனால் சித்திரை வெயிலில் நடந்த தோளுக்கு அந்தக் குறையே தெரியாது.

கூரை என்றால் எந்தக் கூரை என்பதும் உண்டு. கீழ் பி ஃபிளாட்டின் ஒலி அலை ஏறக்குறைய 6 மீட்டர் நீளம். தூண், ஆள், மேசை எதுவும் அதற்குத் தடையே இல்லை, சுற்றிக்கொண்டு போய்விடும். திருமலை நாயக்கர் மகால் போன்ற இடத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றால் டிரம்பெட்டின் பளபளப்பு மங்கிவிடும், பேஸ் மட்டும் அப்படியே வந்து சேரும். சர்ச்சில் உங்களை எங்கே உட்காரவைக்கிறார்கள் என்று பாருங்கள். இரண்டு சுவர் சேரும் மூலையில் உட்கார்ந்தால் கீழ்ச்சுரங்கள் ஊதிப் பெருக்கும். குழு சின்னதானால் அது இரைச்சலாகிவிடும், மூலையிலிருந்து ஆறேழு அடி தள்ளிப் போடுங்கள். எதிரொலி அதிகமான உயரக் கூரையில் பெரிய டூபாவின் சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பும். சுரத்தைச் சற்று முன்னதாக ஆரம்பித்து, சற்று முன்னதாகவே விடுங்கள். இந்தக் கருவி வாய் திறப்பதற்கே ஒரு கணம் எடுக்கும். யூஃபோனியம் பழகிய கைக்கு ஆரம்பத்தில் தாளம் பின்தங்கும். நடத்துகிறவர் முறைப்பார். வேகமான சினிமாப் பாட்டுக்கு 4/4 டூபாதான் லாயக்கு.

நம் ஊர் வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. காற்று சூடானால் சுருதி ஏறும். கணக்குப்படி ஒரு டிகிரிக்கு ஒரு அரைச்சுரத்தின் நூற்றில் மூன்று பங்கு. ஏசி ஹாலுக்கும் பங்குனி மாதத்துப் பந்தலுக்கும் 15 டிகிரி வித்தியாசம் இருந்தால் கிட்டத்தட்ட அரைச்சுரத்தில் பாதி. நம் மூச்சின் சூடு முன்பகுதிக் குழாயை ஒரே நிலையில் வைத்திருப்பதால் முழுக்கணக்கும் வராது. ஆனால் பெரிய டூபாவின் வயிற்றில் இருக்கும் அவ்வளவு காற்றையும் மூச்சால் சூடாக்க முடியாது, அது வெளி வெப்பத்தோடுதான் போகும். எனவே மெயின் ஸ்லைடு தாராளமாக நகர்கிறதா என்பது நமக்கு மற்றவர்களைவிட முக்கியம். 18 அடிக் குழாயில் டிகிரிக்கு அரை சென்டிமீட்டர் இழுக்கவேண்டி வரலாம். வாங்கும்போது அந்த ஸ்லைடு இறுகிப்போய் இருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

வாங்கும்போது வேறென்ன பார்ப்பது? அடி வளைவிலும் வாயிலும் உள்ள நசுங்கல்கள் பார்வைக்குத்தான் அசிங்கம். மவுத்பீஸை அடுத்த முதல் இரண்டடிக் குழாயில் உள்ள சின்னச் சொட்டைதான் வாசிப்பைக் கெடுக்கும். வால்வை அழுத்தாமல் அதன் ஸ்லைடை இழுங்கள், இழுத்த பிறகு வால்வை அழுத்துங்கள். “பொப்” என்று சத்தம் வந்தால் வால்வு இறுக்கமாக இருக்கிறது. வராவிட்டால் தேய்ந்து கசிகிறது, ஏற்கெனவே காற்றுப் பசியுள்ள கருவியில் அது பெரிய நஷ்டம். ரிப்பேருக்குக் கொடுப்பதில் கவனம். ஒரு முறை நான் கொடுத்த இடத்தில் பற்ற வைக்கிறேன் என்று வால்வுக் கூட்டையே காய்ச்சிக் கோணலாக்கிவிட்டார்கள். பிஸ்டன் நடுவில் நின்றுவிடும். அந்தக் கருவி மறுபடி பழையபடி வரவே இல்லை. வீட்டில் குத்துவிளக்குத் தேய்க்கிற ஞாபகத்தில் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். மேலே உள்ள லாக்கர் பூச்சு போய்விடும். வேர்வைதான் நம் ஊரில் அதற்கு முதல் விரோதி, வாசித்து முடித்ததும் ஈரத்துணியால் ஒரு துடை, காய்ந்த துணியால் ஒரு துடை. உள்ளே தேங்கும் தண்ணீரை வெளியேற்றவும் ஒரு வழி பழகவேண்டும். பெரிய டூபாவைச் சும்மா கவிழ்க்க முடியாது. எழுந்து நின்று, ஸ்டீயரிங் திருப்புவது மாதிரி மெதுவாக முழுச்சுற்றுச் சுற்றினால்தான் எல்லாத் தண்ணீரும் இறங்கும்.

போக்குவரத்தையும் கணக்கில் சேருங்கள். சோழவந்தானிலிருந்து டவுன் பஸ்ஸில் இதை ஏற்றினால் கண்டக்டர் முதலில் உங்களைப் பார்ப்பார், பிறகு பெட்டியைப் பார்ப்பார், பிறகு லக்கேஜ் டிக்கெட் கிழிப்பார். டூவீலரில் ஆகாது.

உங்களுக்கு என் கணக்கு இதுதான். வருமானம் ஊர்வலத்திலிருந்து வருகிறது என்றால் முதல் பணம் ஃபைபர் சூசாஃபோனுக்கு, அல்லது வாருடன் கூடிய சாதாரண 4/4-க்குப் போகட்டும். சர்ச் வேலை மாதம் நான்கு ஞாயிறும் உறுதி, அங்கேயே பூட்டி வைக்க ஒரு இடம் கொடுக்கிறார்கள் என்றால் பெரியதை வாங்குங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஆசைப்பட்டு வாங்கிவிடுவேன் என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் விற்பவரிடம் பேசி முன்பணம் கொடுத்து இரண்டு வாரம் வீட்டில் வைத்துப் பாருங்கள். தினமும் ஒரு மணி நேரம், கைப்பிடி இல்லாத நாற்காலியில், நீண்ட சுரங்கள் மட்டும். பதினைந்தாம் நாள் கழுத்தும் வலது தோளும் வலிக்கவில்லை, உதடு மவுத்பீஸைத் தேடவில்லை என்றால் உயரத்தைப் பற்றி மறுபடி யோசிக்கவே வேண்டாம்.

அந்த இரண்டு வாரத்துக்கு என் வேப்பமர முக்காலியை எடுத்துக்கொண்டு போங்கள். மாலையில் எப்போது வந்தாலும் வீட்டில்தான் இருப்பேன். திருப்பிக் கொண்டுவரும்போது டூபாவையும் கொண்டுவாருங்கள், மறுகோடியில் நின்று கேட்கும் ஆள் நானாக இருக்கிறேன்.